ஆறு செட்டு மாத்திரை

அத்தியாயம் 14

ரெட்டியார்பாளையம் வீட்டில் இரண்டு வாரம் முன்பு நடந்த வாக்குவாதம் ஒருவழியாக ஓய்ந்தது. தையல்நாயகியின் வலது முட்டிக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. முடிவு செய்தவள் மருமகள் செந்தமிழ்ச்செல்வி.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகன் நெடுமாறன் போனில் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்.

"நீ சொல்ற, நான் சரிங்கறேன். தப்பாப் போச்சுன்னா அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அந்த ஊசிக்குரிய புதன்கிழமை இன்று.

சேதராப்பட்டு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கும் செந்தமிழ்ச்செல்வி, இன்றைய ஷிப்டைத் தோழியிடம் மாற்றிவிட்டுக் காலை எட்டரைக்கே ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டாள். ஷேர் டெம்போவில் போகலாம் என்றுதான் தையல்நாயகி சொன்னாள். டெம்போவின் படி உயரம். அந்தப் படியில் ஏற முடியாமல் அத்தை இரண்டு வண்டியை விட்டதை மருமகள் பங்குனியில் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

"எடது கால முதல்ல வைங்க அத்தை."

"ஆட்டோவுல ஏற எனக்கு டிரெய்னிங் குடுக்கறியா நீ?"

பின்னால் எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி மாமனார் அரிகிருஷ்ணன் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா.

"மாமா, நீங்களுமா? டூட்டிக்குப் போவலயா?"

"லீவு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரின்னா ஆம்பள ஒருத்தன் கூட இருக்கணும்."

"எதுக்கு, கவரத் தூக்கறதுக்கா?" என்றாள் தையல்நாயகி. "சரி, ஏறுங்க. ஓரமா குந்துங்க. என் முட்டிய இடிக்காதீங்க."

ஆட்டோ விழுப்புரம் சாலையில் திரும்பியது. தையல்நாயகி இன்று நல்ல மனநிலையில் இருந்தாள். சொல்லப்போனால் நான்கு மாதத்தில் இவ்வளவு நல்ல மனநிலையில் அவளை யாரும் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் வசந்தா. நாலு தெரு தள்ளி வசந்தா நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் தையல்நாயகிக்கு ஏழு வருட வேலை. பதினோரு பிள்ளைகள். ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் தரையில் விரித்த பாயில்தான். பிள்ளைகள் அறையில் நாற்காலி கூடாது என்பது வசந்தாவின் சட்டம். முன்பு ஒரு பிள்ளை நாற்காலியை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டு நெற்றியில் தையல் போடும்படி ஆனது. அன்றோடு நாற்காலிகள் வெளியே போயின.

தரையில் உட்கார்ந்தால் எழ முடியாத முட்டியோடு அங்கே வேலை செய்ய வழியில்லை. மார்ச் மாதம் வசந்தாவே சொன்னாள்: "வைத்தியம் பாத்துக்குங்க அக்கா. ஜூன் ரெண்டாந்தேதி புதுப் பிள்ளைங்க வருது. அன்னைக்கி நீங்க வந்து பாய்ல குந்திடணும். இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும், தப்பா நெனைக்காதீங்க."

ஊசி போட்டால் பலன் தெரிய ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று ஏப்ரல் இருபத்து மூன்று. தையல்நாயகி காலண்டரில் விரல் வைத்துப் பார்த்திருந்தாள். ஜூன் நான்கு. இரண்டு நாள் முன்னே பின்னே. வசந்தா அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள்.

"இந்த ஒரு வாரமா முட்டி எவ்வளவோ தேவல செல்வி," என்றாள் ஆட்டோ சத்தத்துக்கு மேல். "ஊசின்னதும் பயந்துகிச்சு போல."

"மாத்திரைய நிறுத்தினா வலி ஏறும்னு டாக்டர் சொன்னாரு. உங்களுக்குக் கொறையுதா?"

"என் ஒடம்பு அப்படி."

அரிகிருஷ்ணன் நெல்லித்தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

* * *

கிளினிக் மறைமலை அடிகள் சாலைக்குப் பின்புறம், முதல் மாடி. லிப்ட் இருந்தது. டாக்டர் கோபிநாத்துக்கு நாற்பது வயது இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டி, முதல் தடவை சொன்னதையே மறுபடியும் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, இங்க ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளி கொறைஞ்சிருக்கு பாருங்க. ஆனா முழுசா ஒட்டிப் போகல. நடுத்தரமான தேய்மானம். அதனாலதான் இந்த ஊசிய முயற்சி பண்ணலாம்னு சொன்னேன். உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல சுத்தி, அதுல பிளேட்லெட் நெறைய இருக்கற பகுதிய மட்டும் பிரிச்சு முட்டிக்குள்ள போடறோம். டெங்கு வந்தா கொறையுதுன்னு சொல்வாங்களே, அந்த பிளேட்லெட்தான். காயம் ஆறறதுக்கு ஒடம்பு அனுப்பற ஆளுங்க அதுங்க."

"போட்டா தரையில குந்தி எழுந்துடுவேனா சார்?"

"தேஞ்சுது திரும்ப வளந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்கு வலி நல்லா கொறையுது. சில பேருக்கு அவ்வளவா கேக்கறதில்ல. கூடவே தொடைக்குப் பயிற்சியும் செஞ்சா வாய்ப்பு அதிகம்."

"எனக்குக் கேக்கும் சார்," என்றாள் தையல்நாயகி. கோயிலில் பூ கேட்டு நல்ல வாக்கு கிடைத்தவள் மாதிரி உறுதியாக இருந்தது குரல்.

டாக்டர் சிரித்தார். பிறகு பேப்பரைப் பார்த்துக் கேட்டார்.

"பத்து நாளா வலி மாத்திரை எதுவும் போடலயே?"

"இல்ல சார்."

"மெடிக்கல்ல வாங்கற செட்டு மாத்திரை? உடம்பு வலி, கை கால் வலின்னு?"

தையல்நாயகி ஒரு நொடி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"ஒண்ணும் இல்ல சார்."

கதவோரம் நின்றிருந்த அரிகிருஷ்ணனின் கையில் எக்ஸ்ரே கவர் சரசரத்தது.

"சரி. ஜெயம், ரத்தம் எடுத்துடும்மா," என்றார் நர்ஸிடம்.

* * *

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார் அரிகிருஷ்ணன். கையைத் தொடைமேல் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

இப்போது செக்யூரிட்டி வேலைக்குப் போனாலும், அவர் முப்பத்தோரு வருடம் மில்லில் தறிப் பிரிவில் இருந்தவர். மில் மூடும்வரை தொழிற்சங்கத்தின் கடிதம் எல்லாம் அவர் கையெழுத்துதான். மில்லில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம், நோட்டீஸ் போர்டில் ஒட்டினது மட்டும்தான் உத்தரவு என்பது. மேஸ்திரி வாயால் சொன்னது உத்தரவு ஆகாது. அந்த ஒரு வாதத்தை வைத்து நாலு பேரின் சஸ்பென்ஷனை ரத்து செய்ய வைத்திருக்கிறார்.

பத்து நாள் முன்பு டாக்டர் கொடுத்த சீட்டையும் அவர் நோட்டீஸ் போலத்தான் படித்தார். தையல்நாயகி வழக்கமாகப் போடும் மாத்திரையின் பெயர் அதில் இருந்தது. பெயருக்குக் கீழே கோடு. பக்கத்தில் 'நிறுத்தவும்'. அவ்வளவுதான்.

முதல் நாள் அவள் சமாளித்தாள். இரண்டாம் நாள் கக்கூசிலிருந்து எழ முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் தவித்தாள். மருமகள் ஷிப்டில் இருந்தாள். அவர் வெளியில் நின்று, "வரவா? உள்ள வரவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வராதீங்க" என்று உள்ளேயிருந்து வந்த குரலில் அழுகை இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மெடிக்கலில் போய் நின்றார். "மூட்டு வலிக்கு ஒரு செட்டு குடுப்பா." கடைக்காரர் மூன்று டப்பாவிலிருந்து மூன்று மாத்திரையை எடுத்துச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். அரிகிருஷ்ணன் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டார். டாக்டர் கோடு போட்ட பெயர் அதில் இல்லை. எழுதாததை நிறுத்தச் சொல்லவில்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்து, "சத்து மாத்திரை, போடு" என்று அவளிடம் பொய் சொன்னார். நோட்டீஸில் இல்லாத மாத்திரை என்றால் எதற்குப் பொய் சொல்லவேண்டும் என்று அப்போது அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டார்.

தினமும் கூட இல்லை. மொத்தம் ஆறு செட்டு. கடைசி செட்டு நேற்று சாயங்காலம்.

செந்தமிழ்ச்செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் தெளிவு.

"ரத்தம் எடுத்தாச்சு மாமா. நாலு டியூப். இப்ப மெஷின்ல போட்டிருக்காங்க. துணி தொவைக்கிற மெஷினாட்டம் சுத்துது. கால்மணி நேரத்துல ஊசி போட்டுடுவாங்களாம்."

"கால்மணி நேரமா?"

"ஆமா. ஏன் உங்களுக்கு வேர்க்குது? ஏசி ஓடுதே."

அவள் போன் அடித்தது. நெடுமாறன்.

"ம்ம், நடக்குதுங்க... இல்ல, பயப்படல. டாக்டர்கிட்டயே, எனக்குக் கேக்கும்ங்கறாங்க உங்கம்மா... சரி சரி, எல்லாம் நல்லபடியா ஆனா பேர் எனக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க." சிரித்துக்கொண்டே போனை அணைத்தாள்.

அந்தச் சிரிப்புதான் அரிகிருஷ்ணனை எழுப்பியது. ஊசி கேட்காமல் போனால், ஏன் கேட்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பழி இந்தப் பெண்மேல் விழும். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அவர் கவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"எங்க மாமா போறீங்க?"

"உள்ள."

* * *

கதவைத் தட்டிவிட்டு நுழைந்தார். தையல்நாயகி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முட்டிக்கு மருந்து தடவி, பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். மூலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு விவரம் சொல்லணும்."

"சொல்லுங்க ஐயா."

"பத்து நாளைக்கு முன்னாடி நீங்க ஒரு சீட்டு குடுத்தீங்க. அதுல ஒரு மாத்திரை பேரை எழுதி, கோடு போட்டு, நிறுத்தவும்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

"அந்த மாத்திரைய நான் குடுக்கல."

"நல்லது."

"வேற மாத்திரை குடுத்தேன்."

டாக்டர் கையுறையோடு அப்படியே நின்றார்.

அரிகிருஷ்ணன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை செட்டு, என்ன நிறம். மனு படிப்பது போலப் படித்து முடித்து, கடைசியில் மட்டும் தடுமாறினார்.

"அவளுக்குத் தெரியாது சார். சத்து மாத்திரைன்னு சொல்லித்தான் குடுத்தேன். அவ மேல தப்பு இல்ல."

"ஜெயம், மெஷின நிறுத்திடும்மா."

மெஷினின் சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றது. ஜெயம் டியூபுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கீழே சிவப்பு, மேலே இளமஞ்சளாகத் தெளிவு. தையல்நாயகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத இப்ப போட்டா இன்னா ஆவும் சார்?" அரிகிருஷ்ணன் கேட்டார்.

"ஆபத்து ஒண்ணும் இல்ல. பலன்தான் சந்தேகம். வலி மாத்திரை பிளேட்லெட்டோட வேலையத் தடுக்கும். ஆளுங்கள கையக் கட்டி வேலைக்கு அனுப்பற மாதிரி. அதுவும் செட்டு மாத்திரைன்னா அதுல ஸ்டீராய்டு கூட இருக்கலாம். அத நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "கோபம் இல்ல ஐயா. என் மேலயும் தப்பு இருக்கு. ஒரு பேரை மட்டும் எழுதிட்டு எல்லாம் புரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். நீங்க இப்ப சொல்லலன்னா இந்த ஊசி வீண்தான்."

தையல்நாயகி கட்டிலிலிருந்து மெதுவாகப் பேசினாள்.

"எனக்குத் தெரியும் சார்."

மூன்று பேரும் திரும்பினார்கள். கதவருகே வந்திருந்த செந்தமிழ்ச்செல்வியும் சேர்த்து நான்கு.

"ரெண்டாவது செட்டுலயே தெரிஞ்சுபோச்சு. சத்து மாத்திரை தின்னா அரைமணி நேரத்துல முட்டி வலி போவாது. எத்தன வருஷமா மாத்திரை திங்கறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல? நான் கேட்டேனே?"

"சொன்னா தேதி போயிடும். ஜூன் ரெண்டு போயிடும்."

அரிகிருஷ்ணன் கட்டிலருகே ஓரடி வந்தார்.

"அப்புறம் இன்னொண்ணு." தையல்நாயகி இப்போது அவரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "இவரு அந்தப் பொட்டலத்தப் பிரிச்சு, ஒரு கைல மாத்திரை, ஒரு கைல தண்ணியோட வந்து நிப்பாரு. கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷம் ஆவுது சார். இவரு எனக்குத் தண்ணி எடுத்தாந்து குடுத்தது அந்த ஆறு நாளுதான். வேணாம்னு சொல்ல மனசு வரல."

ஜெயம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

* * *

டாக்டர் புதிய சீட்டு எழுதினார். இந்தத் தடவை பெயர் எழுதவில்லை. 'எந்த வலி மாத்திரையும் கூடாது. கடை மாத்திரை எதுவும் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, அரிகிருஷ்ணனிடமே கொடுத்தார். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் மட்டும், அவர் சொன்ன அளவில். ஐஸ் ஒத்தடம். தொடைக்கு இரண்டு பயிற்சி. மே ஏழாம் தேதி, புதன்கிழமை, ரத்தம் மறுபடியும் எடுக்கப்படும்.

மே ஏழிலிருந்து ஆறு வாரம். ஜூன் பதினெட்டு.

கீழே இளநீர் வண்டி நிழலில் நின்றதும் செந்தமிழ்ச்செல்வி மாமனாரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை கம்பெனியில வேல செய்யற மருமவள வீட்டுல வெச்சுகிட்டு, ஒரு வார்த்த கேக்கத் தோணலயா மாமா உங்களுக்கு? மாத்திரை கவரக் காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே!"

"நீ ஷிப்டுல இருந்த..."

"போன் இல்ல?"

"தப்புதாம்மா."

"அத்தை, நீங்க இன்னும் மோசம். அவராவது தெரியாம குடுத்தாரு."

"தெரிஞ்சுதான் குடுத்தாரு," என்றாள் தையல்நாயகி. "தெரியாத மாதிரி குடுத்தாரு. நானும் தெரியாத மாதிரி தின்னேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"இத ஒரு பெருமையா வேற சொல்லுங்க! உங்க புள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நான்தானே?"

அரிகிருஷ்ணன் தன் போனை எடுத்தார். நெடுமாறனுக்குத் தானே அடித்தார். வெயிலில் நாலடி தள்ளிப் போய் நின்று, தோளைக் குறுக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினார். கடைசியில், "உன் பொண்டாட்டி மேல ஒண்ணும் இல்ல. எழுதி வேணா தரேன்" என்றது மட்டும் இவர்களுக்குக் கேட்டது.

செந்தமிழ்ச்செல்வியின் கோபம் முழுதும் போகவில்லை. ஆனால் மூன்று இளநீர் சொன்னாள். வழுக்கையாக இருந்ததை அத்தையிடம் நீட்டினாள்.

* * *

ஆட்டோ இந்திரா காந்தி சிலை சிக்னலைத் தாண்டியதும் தையல்நாயகி சொன்னாள்:

"வீட்டுக்கு வேணாம். வசந்தாகிட்ட விடு."

"இன்னைக்கேவா அத்தை? ரெண்டு நாள் கழிச்சு..."

"ரெண்டு நாள் கழிச்சுன்னா சொல்ல மாட்டேன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்."

காப்பகத்தின் வாசலில் இருவரையும் ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கம்பிக் கதவைப் பிடித்து மெல்ல உள்ளே போனாள். மாத்திரையின் வேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு படிதான். இரண்டாவது படியில் முட்டிக்குள் முள் திரும்பியது.

பிள்ளைகள் அறையில் மதியத் தூக்கம். மின்விசிறி ஓடியது. பாயின் நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயது. நீட்டிய காலின்மேல் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தது. தையல்நாயகி தவிர வேறு யார் மடியிலும் தூங்காத பிள்ளை அது.

வசந்தா எழுந்து வந்தாள். சங்கடம் முகத்திலேயே இருந்தது.

"வாங்க அக்கா. இவ பேரு சின்னப்பொண்ணு. தவளக்குப்பத்துலேருந்து வருது. சும்மா... நீங்க வர்ற வரைக்கும்னு."

"நல்லதுதான் வசந்தா. அதச் சொல்லத்தான் வந்தேன்." கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டாள் தையல்நாயகி. "ஊசி இன்னைக்குப் போடல. எங்க மேலதான் தப்பு. மே ஏழுக்குத் தள்ளிப்போச்சு. ஜூன் ரெண்டுக்கு என்னால வர முடியாது. அதுக்கப்புறமும் குந்தி எழுந்துடுவேன்னு டாக்டர் சத்தியம் பண்ணிக் குடுக்கல. நான்தான் எழுந்துடுவேன்னு சொல்லிகிட்டு இருக்கேன்."

பாயில் ஒரு பிள்ளை புரண்டது.

"நீங்க வேற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தா எனக்கு ஈசியா இருந்திருக்கும் அக்கா."

"தெரியும்."

"ஜூன் முழுக்க ஆளில்லாம ஓட்ட முடியாது. இவதான் பாத்துக்கணும். ஜூலை ஒண்ணாந்தேதி வாங்க. இதே பாய்ல குந்தி, செவுத்தப் புடிக்காம, யார் கையும் புடிக்காம, பிள்ளையோட எழுந்திரிங்க. எழுந்துட்டீங்கன்னா உங்க எடம் உங்களுது. இல்லன்னா..."

"இல்லன்னா இவளுது. சரி வசந்தா. அது நியாயம்."

உள்ளே போன் அடிக்க, வசந்தா அதை எடுக்கப் போனாள்.

சின்னப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தூங்கும் பிள்ளையைத் தலையணைக்கு மாற்றிவிட்டு, வந்தவளுக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள். எழும்போது இடது கையைத் தரையில் ஊன்றினாள். ஒரு தடவை முயன்று, பாதியில் நின்றாள். கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு சுவரைப் பிடித்து, மூச்சை அடக்கி, எழுந்து நின்றாள்.

அவள் எழுந்த விதத்தை உலகத்தில் வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. தையல்நாயகிக்கு எந்த முட்டி, எத்தனை மாதம் என்பது வரைக்கும் தெரிந்தது.

சின்னப்பொண்ணு நிமிர்ந்தாள். தான் பார்க்கப்பட்டுவிட்டோம் என்று அவளுக்கும் தெரிந்தது.

"அக்கா..." குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. "ரெண்டு பொண்ணுங்கக்கா எனக்கு."

வசந்தா போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பாத்தீங்க இல்ல அக்கா? புதுசு. ஆனா பிள்ளைங்க ஒட்டிக்குதுங்க. நீங்க அனுபவசாலி, நீங்க சொல்லுங்க. இவளால முடியுமா?"

தையல்நாயகி தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு சுவரில் வைத்திருந்த கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளை யார் மடியிலயும் தூங்காது வசந்தா," என்றாள் தையல்நாயகி. "இவ மடியில தூங்குதே."

வசந்தாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெளியே வர நேரமானது. அரிகிருஷ்ணன் ஆட்டோவை விட்டு இறங்கி வந்து கையை நீட்டினார். தையல்நாயகி பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடி, ஜூலை ஒன்றாம் தேதி பற்றி மட்டும் சொன்னாள். செந்தமிழ்ச்செல்வி முழுவதும் கேட்டாள். அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் மறைக்கலயே அத்தை?"

தையல்நாயகி முன்பக்கம் சாய்ந்து டிரைவரின் சீட்டைத் தட்டினாள்.

"கெளம்புப்பா. வெயில் கொளுத்துது."